பொழுதறிந்து வேலை



வைகறையில் எழுந்து படிக்கும் பிள்ளையே தேறும் என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். நானும் என் மகளை அவ்வாறே வளர்த்தேன். கொல்கத்தாவில் இருந்தவரை இடர் ஒன்றும் நேரவில்லை. அங்கே ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் எழுந்துவிடுவான். சென்ற ஆண்டு மாற்றலாகி மும்பைக்கு வந்தோம். இங்கே அதே மாதத்தில் ஆறு மணிக்குத்தான் உதயம். நாடெங்கும் கடிகாரம் ஒன்றே. அது 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. மேற்கே செல்லச் செல்லச் சூரியனோ பாகைக்கு நான்கு நிமிடம் பிந்துகிறான். ஆக, இரு நகரங்களுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேர வேற்றுமை.

ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தும் இந்தக் கணக்கு என் புத்தியில் ஏறவில்லை. பழையபடி நாலரை மணிக்கே அவளை எழுப்பினேன். புத்தகத்தின் மேலேயே உறங்கினாள். சோம்பேறி என்று வைதேன். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தவறினாள்.

அந்த வாரம் எனக்கு இரவுப் பணி. விடியற்காலை மூன்றரை மணிக்குச் சீட்டுப் பணத்தை எண்ணினால் 500 ரூபாய் குறைகிறது. மும்முறை எண்ணியும் பிசகு புலப்படவில்லை. கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்டினேன். என்னைச் சோம்பேறி என்று எவரும் வையவில்லை!

உடலுக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. அது இயங்கும் விதத்தைப் பழ ஈக்களிடம் ஆராய்ந்து கண்ட அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. விடியலுக்குச் சற்று முன் உடற்சூடு மிகவும் தணிகிறது; விழிப்பும் அப்போதே மங்குகிறது. பிற்பகலில் மீண்டும் ஒரு தளர்ச்சி வருகிறது. அதற்குச் சாப்பாட்டை மட்டும் குறை கூறுவதற்கில்லை. பதின்ம வயதினருக்கோ அக்கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது. இரவில் உறக்கம் தாமதமாகவே வரும். காலையில் எழுவதும் கடினம். என் மகள் செய்த குற்றம் இவ்வளவே.

இப்போது அவள் மாலை ஆறு மணிக்குச் சிற்றுண்டி முடித்துக் கணக்குப் போடுகிறாள். காலையில் படம் வரைவது, பை அடுக்குவது ஆகியவற்றோடு சரி. நான் நள்ளிரவுக்கு முன்பே நோட்டுகளைக் கட்டுக்கட்டாக எண்ணி வைத்துவிடுகிறேன்.

இவற்றையெல்லாம் பெருமையோடு விளக்கியபோது, "என் பொழுதை யார் கேட்டீர்கள்?" என்றாள் என் மனைவி. மெய்தான், பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டதில்லை. காலை பத்து மணிதான் அவளுக்குத் தெளிவான நேரமாம். அதை மாவரைப்பதில் கழித்து வந்திருக்கிறாள். மாவரைக்கும் வேலை இப்போது இரவில், என் பொறுப்பில். பத்து மணிக்கு அவள் பக்கத்து வீட்டு அம்மாளிடம் மராத்தி எழுத்துக் கற்கிறாள்.