கொட்டகை சுவிட்சை நாமே மாற்றலாமா?

கேள்வி: ‘எங்கள் மாட்டுக் கொட்டகையில் லைட் சுவிட்சைப் போட்டால் படபடவென்று சத்தம் கேட்கிறது. ஈரக் கையோடு தொட்டால் சுள்ளென்கிறது. எலெக்ட்ரீஷியன் வர நாலு நாள் ஆகும் என்கிறார். சுவிட்சை நாங்களே மாற்றிக்கொள்ளலாமா?’
– வாசகி ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: முதல் வேலை, அந்த சுவிட்சை இனி யாரும் தொடக்கூடாது. கொட்டகைக்குப் போகும் பீஸ் கட்டையை இன்றே கழற்றி வைத்துவிடுங்கள். விடியற்காலையில் பால் கறக்கப் போகும்போது கை ஈரம், தரை ஈரம், காலில் செருப்பும் இருக்காது. இன்று சுள்ளென்று விட்ட கரண்ட் நாளைக்கு ஆளையே இழுத்துவிடலாம். மாட்டுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஈரத்தரையில் நான்கு காலும் ஊன்றி நிற்பதால், மனிதருக்குத் தெரியாத சிறு கசிவு கூட மாட்டைத் தாக்கும். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகவே மாடு மிரண்டால், கரண்ட் கசிவையும் சந்தேகிக்க வேண்டும்.

மாற்றலாமா என்றால், மாற்றலாம். 250 வோல்ட்டுக்கு உட்பட்ட வீட்டு இணைப்பில் பல்பு, பீஸ், சுவிட்ச் போன்றவற்றைப் பழைய அளவிலேயே மாற்றிக்கொள்ள மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் இடம் தருகின்றன. புது லைன் இழுப்பது, சுவிட்சை வேறு இடத்துக்கு மாற்றுவது போன்றவற்றை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். மோட்டார் கொட்டகை மும்முனை ஸ்டார்ட்டரில் வீட்டு ஆட்கள் கை வைக்கவே கூடாது.

ஏன் கெட்டது?

காரணம் தெரியாமல் மாற்றினால் புது சுவிட்சும் சீக்கிரமே கெடும். கோமியத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாடை செம்பு, பித்தளையை அரிக்கும். திருகில் பச்சைக் களிம்பு பிடித்து, பிடிப்பு தளர்ந்து, பொறி பறக்கும். அதுதான் படபட சத்தம். எறும்பும் பல்லியும் உள்ளே போய்ச் சாவதும் உண்டு.

இன்னொரு காரணம் பாரம். லைட் சுவிட்ச் 6 ஆம்பியர்தான் தாங்கும். 230 வோல்ட்டில் சுமார் 1,380 வாட். 2 குதிரைத்திறன் தீவனம் நறுக்கும் இயந்திரத்தை அதே சுவிட்சில் மாட்டியிருந்தால் அது கருகத்தான் செய்யும். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதற்குத் தனி லைனும் தனி எம்.சி.பி.யும் வேண்டும்.

வாங்க வேண்டியவை: ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 6 ஆம்பியர் சுவிட்ச் (அதில் ஐ.எஸ். 3854 என்று இருக்கும்), நல்ல டெஸ்டர், பிளாஸ்டிக் பிடி போட்ட திருப்புளி, இன்சுலேஷன் டேப்.

மாற்றும் முறை

1. பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நாளில் செய்யவும். கை காய்ந்திருக்க வேண்டும். ரப்பர் செருப்பு போட்டு, காய்ந்த பலகை மேல் நிற்கவும்.

2. டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள ஒரு பிளக்கில் வைத்துப் பார்க்கவும். அங்கே எரிந்தால்தான் அதை நம்பலாம்.

3. மெயினை நிறுத்தி, பீஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவும். எம்.சி.பி.யாக இருந்தால் இறக்கிவிட்டு டேப் ஒட்டி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லவும். நீங்கள் வயரைப் பிடித்திருக்கும்போது வேறொருவர் மெயினைப் போடுவதால்தான் பல விபத்துகள் நடக்கின்றன.

4. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். மெயினை மட்டும் நிறுத்தினால் பேட்டரி வழியாக லைட் லைனில் கரண்ட் வந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டரை மட்டும் நிறுத்தினால் மெயின் கரண்ட் அதன் வழியே போகும். இரண்டையும் நிறுத்த வேண்டும்.

5. போர்டைத் திறந்து, ஒவ்வொரு திருகிலும் டெஸ்டரை வைத்துப் பார்க்கவும். ஒன்றில் எரிந்தாலும் மூடிவிட்டு எலெக்ட்ரீஷியனுக்குக் காத்திருக்கவும். ஒரே போர்டில் இரண்டு லைன் வருவதுண்டு.

6. கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளவும். சாதாரண சுவிட்சில் இரண்டு திருகுகள். ஒன்றில் பேஸ் வரும், மற்றதிலிருந்து பல்புக்குப் போகும். ஒரு திருகில் இரண்டு வயர் இருந்தால், ஒன்று அடுத்த சுவிட்சுக்குப் போவது. அவற்றைப் பிரிக்காமல் புது சுவிட்சிலும் சேர்த்தே மாட்டவும்.

7. கருத்த நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, முறுக்கி இறுக்கவும். வயரை மெல்ல இழுத்தால் வரக்கூடாது. செம்பு வெளியே தெரியக்கூடாது.

8. போர்டை மூடித் திருகிய பிறகே மெயினைப் போடவும். அரை மணி நேரம் கழித்து, காய்ந்த கையால் சுவிட்ச் மேல் தொட்டுப் பார்க்கவும். சூடு இருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது அல்லது பாரம் அதிகம்.

எப்போது கை வைக்கக்கூடாது?

வயரின் மேலுறை பொடிந்து உதிர்ந்தாலும், போர்டுக்குள் ஈரம் கோத்திருந்தாலும், சுவர் ஈரத்தில் ஷாக் அடித்தாலும் சுவிட்ச் மாற்றிப் பயனில்லை. கோளாறு வயரிங்கிலும் எர்த்திலும் இருக்கிறது. அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மினுக்கினால் சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கலாம். அப்படி இருந்தால் அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். பல்பு மாற்றுபவர் கை வைத்தால் ஆபத்து. சுவிட்சில் சிறு சிவப்பு விளக்கு இருந்தாலும் பல்பு மினுக்கலாம் என்பதால், எது என்று எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும்.

உங்கள் கொட்டகையில் சுள்ளென்று அடிப்பதால், சுவிட்சை மாற்றினாலும் அவர் வந்து பார்க்கும் வரை பீஸ் கட்டையைத் திரும்பப் போடாதீர்கள். நாலு நாளைக்கு டார்ச் லைட் போதும். அவர் வரும்போது எர்த்தைச் சோதிக்கச் சொல்லி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்தச் சொல்லுங்கள். கசிவு வந்த நொடியில் அது லைனைத் துண்டித்துவிடும். சுவிட்சையும் மாடு உரசாத, தண்ணீர் தெறிக்காத வெளிச்சுவருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் ஓடிப்போய்த் தொட வேண்டாம். முதலில் மெயினை நிறுத்தவும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கம்பால் வயரைத் தள்ளிவிட்டு, 108-ஐ அழைக்கவும். மாட்டுக்கும் இதே முறைதான். கட்டை அவிழ்க்க ஓடுவது மெயினை நிறுத்திய பிறகே.