பாட்டியின் கையெழுத்தும் செல்லும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஊர்ச் சபைத் தேர்தலுக்கான குடவோலை விதிகள் இன்றும் இருக்கின்றன. சபை உறுப்பினராக 35 வயது நிறைந்திருக்க வேண்டும்; 70-ஐத் தாண்டக் கூடாது. வயதுக்குக் கோடு கிழிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.

1971-ம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டமும் ஒரு கோடு கிழிக்கிறது. 18 வயது நிறையாத சிறுமிக்குப் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். பாதுகாவலர் என்றால் பெற்றோர் மட்டுமல்ல. சிறுமியைத் தன் பொறுப்பில் வைத்துப் பராமரிப்பவர் என்கிறது சட்டம். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் போயிருக்க, பாட்டியிடம் வளரும் பெண்ணுக்கு அந்தப் பாட்டியே கையெழுத்துப் போடலாம்.

உண்மையான பயம் போலீஸ்.

சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, கருவுற்ற சிறுமி வந்தால் மருத்துவர் போலீஸுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். ஊர் வாய்க்கு அஞ்சும் குடும்பம் போலி மருத்துவரைத் தேடுவது இங்கேதான் தொடங்குகிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முடிச்சைத் தளர்த்தியது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவள் பெயரையோ அடையாளத்தையோ சொல்ல வேண்டியதில்லை.

கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி சிறுமிகளுக்கு 24 வாரம் வரை அவகாசம் உண்டு. 20 வாரத்தைத் தாண்டினால் இரண்டு மருத்துவர்களின் கருத்து தேவை.

கெடுத்தவனே வீட்டுக்குள் இருந்தால் சம்மதம் யார் தருவது? அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பெற்றோருக்குப் பதில் நீதிபதி அனுமதிக்கும் வழி இருக்கிறது. இங்கே மாவட்டக் குழந்தைகள் நலக் குழு நாள் கடத்தாமல் முடிவெடுக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணோடு இந்த விதிகளையும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் எழுதி வைக்கலாம்.