சீனா இல்லாத 1962

வெள்ளானூரில் போட்டித்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கிறது. அங்கே ஆசிய நாடுகளைப் பற்றிப் பேச வந்தவர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "ஐ.நா. உறுப்பினராக இருப்பதே நாடு. மற்றவை நாடல்ல, படிக்க வேண்டியதில்லை" என்பது அதன் முதல் வரி. "அப்போ தைவான், சார்?" என்று எழுந்து கேட்ட மாணவியை உட்காரச் சொல்லிவிட்டார். கடைசி வரிசையில் நானும் இருந்தேன். அந்தத் தாள் இப்போது நகலெடுக்கப்பட்டு ஆவடி வரைக்கும் போய்விட்டதால் இதை எழுதுகிறேன். அந்த முதல் வரி அடியோடு தவறு.

அவர் அளவுகோலாலேயே அளந்து பார்ப்போம். மக்கள் சீனக் குடியரசு 1949 அக்டோபர் 1 அன்று பிறந்தது. ஐ.நா.வில் சீனாவுக்குரிய இடம் அதற்குக் கிடைத்தது 1971 அக்டோபர் 25 அன்று. அதுவரை 22 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தது தைவானுக்குப் பெயர்ந்துவிட்ட சியாங் கை ஷேக்கின் அரசு. ஆக, இவர் கணக்குப்படி 1962-இல் தைபேதான் சீனா, பெய்ஜிங் ஒன்றுமே இல்லை. அப்படியானால் அந்த ஆண்டு இமயத்துப் பனியில் நம் ஜவான்கள் எந்த நாட்டுப் படையோடு போரிட்டு மாண்டார்கள்? டாங்கி செய்யும் ஆவடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கும் ஒரு பாடத்தை நடத்த எப்படி மனம் வந்தது?

சீனாவை விடுவோம், இலங்கைக்கு வருவோம். இலங்கை விடுதலை பெற்றது 1948 பிப்ரவரி 4. சோவியத் ஒன்றியம் வீட்டோ செய்ததால் ஐ.நா.வுக்குள் அது நுழைய 1955 டிசம்பர் 14 வரை ஆயிற்று. ஏறத்தாழ இந்த எட்டு ஆண்டும் இலங்கை நாடல்ல என்கிறார் இவர். ஆனால் மலையகத் தமிழர் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் 1948-இல்தான் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை உழைத்த குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றியது அந்தச் சட்டம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் அதன் விளைவைச் சுமந்துதான் வந்தார்கள். நாடே இல்லாத ஒன்று குடியுரிமையைப் பறிக்க முடியுமா? 1952-இல் இலங்கையும் சீனாவும் ரப்பருக்கு அரிசி என்று ஒப்பந்தம் போட்டன. அன்று அந்த இரண்டு அரசுகளுக்குமே ஐ.நா.வில் இடமில்லை. அரிசி என்னவோ கொழும்புக்கு வந்து சேர்ந்தது.

இவருடைய வரியை மறுபக்கத்திலிருந்து உடைப்பது நம் நாடேதான். 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியார், நீதிக்கட்சியின் தலைவர்களில் ஒருவராக இருந்தவர். அன்று டெல்லியில் ஆண்டது பிரிட்டிஷ் வைஸ்ராய். விடுதலை வராத இந்தியா உறுப்பினர், விடுதலை வந்த இலங்கை உறுப்பினரல்ல. உறுப்பினர் அட்டையும் நாடும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

"தேர்வில் ஒரு விடைதான் சரி, குழப்பாதீர்கள்" என்று என்னிடம் பிறகு சொன்னார். ஐ.நா. உறுப்பு நாடுகள் எத்தனை என்று கேட்டால் 193, அதில் யாருக்கும் குழப்பமில்லை. நாடு என்றால் என்ன என்பது வேறு கேள்வி. நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசு, பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் என்று நான்கைச் சொல்கிறது 1933-இன் மான்டிவிடியோ உடன்படிக்கை. தைவானை இந்தியா அங்கீகரிக்கவில்லை, உண்மை. ஆனாலும் 2012 முதல் சென்னையில் அதன் அலுவலகம் இயங்குகிறது. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் தைவான் நிறுவனம். கேள்வி கேட்ட மாணவிக்கு இதையாவது சொல்லியிருக்கலாம்.

அந்தத் தாளில் என்னை மிகவும் கொதிக்கவைத்தது மூன்றாவது வரி: "சார்பு ஆட்சிப்பகுதிகள் ஆளும் நாட்டின் பகுதியே, தனியாகப் பார்க்கத் தேவையில்லை." பிரான்சிடம் இருந்த பக்கத்துப் புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளட்டும். கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். இடையே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆட்சி இந்தியாவிடம், சட்டப்படி நிலம் பிரான்சுடையது. எந்த நாட்டின் "பகுதி" என்று அந்த ஆண்டுகளுக்கு இவர் விடை எழுதுவார்?

அடுத்து டியகோ கார்சியா. நமக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி. 1965-இல் மொரீஷியஸிடமிருந்து இது உள்ளிட்ட சாகோஸ் தீவுகளைப் பிரித்தெடுத்து, அங்கே வாழ்ந்த மக்களை வெளியேற்றிவிட்டு, ராணுவத் தளம் கட்டிய இடம். 2021 அக்டோபரில் கனடா நோக்கிப் போன மீன்பிடிப் படகு ஒன்று தத்தளித்து, அதிலிருந்த 89 இலங்கைத் தமிழர் அங்கே கரைசேர்ந்தார்கள். பிரிட்டன் என்ன சொன்னது? அகதிகள் உடன்படிக்கை இந்தத் தீவுக்குப் பொருந்தாது என்றது. ராணுவத் தளம் நடத்தும்போது பிரிட்டனின் நிலம், அடைக்கலம் கேட்கும்போது பிரிட்டன் அல்ல. அந்த ஒரு வேறுபாட்டினால் குழந்தைகளோடு மூன்று ஆண்டுகளுக்கு மேல் கூடாரத்தில் கிடந்தார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்த ஆட்சிப்பகுதியின் நீதிமன்றமே 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோரை அந்த மாதத்தில்தான் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

வெள்ளானூரிலிருந்து செங்குன்றம் பக்கம் போனால் புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. எந்த நிலம் யாருடையது, அங்கே எந்தச் சட்டம் செல்லும் என்ற கேள்வியோடு வாழும் மக்கள் நமக்கு இவ்வளவு அருகில். அந்தச் சாலையில் வந்து இறங்கி, "தனியாகப் பார்க்கத் தேவையில்லை" என்று பிள்ளைகளிடம் சொன்னவர், வரும் ஞாயிறு அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். தைவான் பற்றிக் கேட்ட பெண்ணை எழுப்பி, அவள் கேட்டதை எல்லோர் காதிலும் விழும்படி இன்னொரு முறை கேட்கச் சொல்லட்டும்.