புதுப்புது விமான நிறுவனங்கள் வருது... காலையில போய் சாயங்காலம் வீடு திரும்ப முடியுமா? சின்ன நகரங்களின் விமானக் கணக்கு

இந்தியாவில் உள்நாட்டு விமானத்தில் போகும் 10 பேரில் 9 பேர் இரண்டே குழுமங்களின் விமானங்களில்தான் போகிறார்கள். ஒன்று இண்டிகோ, இன்னொன்று ஏர் இந்தியா குழுமம். 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, இந்த நிலைமை எவ்வளவு ஆபத்தானது என்று எல்லோருக்கும் புரிந்தது.

அதே மாதத்தில் கேரளாவைச் சேர்ந்த அல்ஹிந்த் ஏர், ஹைதராபாத்தைச் சேர்ந்த ஃப்ளைஎக்ஸ்பிரஸ் ஆகிய இரண்டு புதிய நிறுவனங்களுக்கு மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் தடையில்லாச் சான்று கொடுத்தது. ஏர் கேரளா, உத்தரப் பிரதேசத்தின் ஷங்க் ஏர் ஆகியவை 2024லேயே இந்தச் சான்றை வாங்கிவிட்டன.

"அப்போ நம்ம ஊருக்கும் விமானம் வந்துடுமா?" சேலம், வேலூர், நெய்வேலி மாதிரி ஊர்களில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி இதுதான். ஆனால், விமானம் வருவதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அது எத்தனை மணிக்கு வரும், ஒரு நாளைக்கு எத்தனை முறை வரும்?

முதலில், தடையில்லாச் சான்று என்றால் என்ன?

இது பறப்பதற்கான உரிமம் கிடையாது. விமான நிறுவனம் தொடங்கும் வேலையை ஆரம்பிக்கலாம் என்ற அனுமதி மட்டும்தான். அதன் பிறகு விமானங்களைக் குத்தகைக்கு எடுக்க வேண்டும், விமானிகளையும் பொறியாளர்களையும் சேர்க்க வேண்டும், சோதனைப் பயணங்களை நடத்திக் காட்ட வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகே டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், ஏஓசி என்ற இயக்கச் சான்றிதழைத் தரும். டிக்கெட் விற்பனை அதற்குப் பிறகுதான்.

உதான் திட்டம் என்ன செய்தது?

சிறிய நகரங்களை விமானத்தால் இணைக்க மத்திய அரசு கொண்டுவந்த திட்டம் உதான். இதன் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27ல் சிம்லாவில் இருந்து டெல்லிக்குப் பறந்தது. சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்கு ரூ.2,500 என்ற உச்ச வரம்புதான் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது.

விமானத்தின் பாதி இருக்கைகளை அந்த விலைக்குள் விற்க வேண்டும். அதனால் ஏற்படும் நஷ்டத்தை அரசு 3 ஆண்டுகளுக்கு ஈடுகட்டும். அதுவரை அந்த வழித்தடத்தில் வேறு நிறுவனம் போட்டிக்கு வராது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், 2023 ஆகஸ்டில் வெளியான சிஏஜி தணிக்கை அறிக்கை சொன்ன கணக்கு வேறு. திட்டத்தின் முதல் மூன்று கட்டங்களில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403ல் விமானமே தொடங்கவில்லை. தொடங்கிய 371ல், 3 ஆண்டுகளை முழுசாக முடித்தவை 112. மானியக் காலம் முடிந்த பிறகும், 2023 மார்ச் நிலவரப்படி தாக்குப்பிடித்தவை வெறும் 54.

டிக்கெட் விலை குறைவு, ஆனாலும் ஏன் ஓடவில்லை?

சேலத்தை எடுத்துக்கொள்வோம். ஜவுளி, வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி, உருக்காலை என தொழிலுக்குக் குறைவில்லாத ஊர். உதான் திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் நிறுவனம் சென்னை-சேலம் விமானத்தைத் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒரு சேவை. சென்னையில் இருந்து வரும் விமானம், சேலத்தில் ஆட்களை இறக்கி ஏற்றிவிட்டு உடனே திரும்பிவிடும்.

இப்போது சேலத்து வியாபாரி ஒருவரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். சென்னையில் அவருக்கு 3 மணி நேர வேலை. விமானத்தில் போய்விடலாம். ஆனால், திரும்பி வர அடுத்த நாள் விமானம்தான். இடையில் ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகை, சாப்பாட்டுச் செலவு, கடையைப் பூட்டிய நஷ்டம். 2,500 ரூபாய் டிக்கெட் அவருக்கு உண்மையில் 2,500 ரூபாய் இல்லை.

இதற்கு எதிரில் இருப்பது ஏற்காடு எக்ஸ்பிரஸ். ராத்திரி சாப்பிட்டுவிட்டு சேலத்தில் ஏறினால் விடியும் முன்பே சென்னை சென்ட்ரல். பகல் முழுக்க வேலை, ராத்திரி திரும்பவும் ரயில். ஹோட்டல் செலவே இல்லை. சிறிய விமானத்துக்கு உண்மையான போட்டி இந்த ராத்திரி ரயில்தான்.

வந்தே பாரத் ரயிலும் சேலம் வழியாகப் போகிறது. சுமார் 4 மணி நேரத்தில் சென்னை. விமானத்தில் பறக்கும் நேரம் ஒரு மணி நேரம்தான் என்றாலும், காமலாபுரம் விமான நிலையம் போவது, முன்கூட்டியே போய்க் காத்திருப்பது, மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குள் வருவது எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய அதே 4 மணி நேரம் ஆகிவிடும்.

ஆனால், வந்தே பாரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கோவையில் இருந்து வரும் ரயில் சுமார் 12 மணிக்கு சென்னை சேரும். பிற்பகல் இரண்டரை மணி வாக்கில் அதே ரயில் திரும்பிக் கிளம்பிவிடும். அன்றே திரும்ப நினைப்பவருக்குச் சென்னையில் கிடைப்பது இரண்டரை மணி நேரம். விமானம் ஜெயிக்க வேண்டிய இடம் இதுதான். காலை 7 மணிக்கு ஒன்று, இரவு 7 மணிக்கு ஒன்று என இரண்டு சேவைகள் இருந்தால் டிக்கெட் ரூ.4,000 என்றாலும் வாங்க ஆள் இருக்கும்.

அப்போ இரண்டு முறை விட வேண்டியதுதானே?

இங்கேதான் புது நிறுவனங்கள் மாட்டிக்கொள்கின்றன. பெரும்பாலும் இரண்டு, மூன்று விமானங்களுடன்தான் தொடங்குகிறார்கள். அதில் ஒன்று காலையில் சேலத்தில் இருந்து கிளம்ப வேண்டும் என்றால், முந்தின ராத்திரியே அங்கே நிற்க வேண்டும். அதற்கு இரவில் தரையிறங்கும் வசதி, பராமரிப்பு ஆட்கள், விமானிகள் தங்க இடம் எல்லாம் வேண்டும்.

இன்னொரு பக்கம், விமானம் ஒரே வழித்தடத்தில் காத்துக்கிடந்தால் குத்தகைப் பணம் கட்ட முடியாது. வண்டி ஷெட்டில் நின்னாலும் டியூ நிக்காது என்று லாரி உரிமையாளர்கள் சொல்வார்கள். விமானத்துக்கும் அதே கதைதான். அதிலும் டியூவை டாலரில் கட்ட வேண்டும். அதனால் ஒரே விமானத்தைக் காலையில் ஓர் ஊர், மதியம் ஓர் ஊர், சாயங்காலம் ஓர் ஊர் என்று ஓட்டுகிறார்கள். காலையில் ஒரு மணி நேரம் தாமதமானால், சாயங்காலம் கடைசி ஊருக்கு விமானம் ரத்து. இரண்டு தடவை இப்படி நடந்தால் வியாபாரி மறுபடியும் ரயிலுக்கே போய்விடுவார்.

தமிழ்நாட்டில் இதற்கு முன் யாராவது முயற்சி செய்தார்களா?

செய்தார்கள். சென்னையை மையமாகக் கொண்ட பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005ல் தொடங்கியது. வர்த்தகப் பயணிகளையே குறிவைத்து, பிசினஸ் கிளாஸ் இருக்கைகளோடு எம்ப்ரேயர் ஜெட் விமானங்களை இறக்கியது. மதுரை, கோவை, சென்னை, பெங்களூரு என்று தென்னிந்தியாவைச் சுற்றி வந்தது.

அந்த ரக விமானத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. 40 டன்னுக்குக் குறைவான எடை கொண்ட விமானத்துக்கு எரிபொருள் விற்பனை வரி குறைவு. 80 இருக்கைகளுக்குக் கீழே இருந்தால் தரையிறங்கும் கட்டணமும் இல்லை. இன்றைக்குப் பிராந்திய நிறுவனங்கள் ஏடிஆர் விமானங்களை விரும்புவதற்கும் இது ஒரு காரணம்.

பாரமவுண்டில் பயணித்தவர்கள் சேவையைப் பாராட்டினார்கள். ஆனால், விமானங்களைக் குத்தகைக்குக் கொடுத்த நிறுவனத்துடன் தகராறு முற்றி, 2010ல் பறப்பதே நின்றுபோனது.

கோவையில் இருந்து 2016 ஜூலையில் தொடங்கிய ஏர் கார்னிவல் ஒரு வருஷம்கூட தாண்டவில்லை. பெங்களூருவின் ஏர் பெகாசஸ் 2015 ஏப்ரலில் தொடங்கி 2016 ஜூலையில் நின்றது. சேலத்துக்கு வந்த ட்ரூஜெட்டும் 2022 பிப்ரவரியில் மொத்தமாகச் சேவையை நிறுத்தியது. அதற்கு முன்பே சேலம் விமானம் நின்றுபோயிருந்தது. 2023 அக்டோபரில்தான் அங்கே மறுபடி விமானம் வந்தது. வந்தவை புது நிறுவனங்கள் இல்லை. அரசின் அலையன்ஸ் ஏரும், ஏற்கெனவே பெரிதாக வளர்ந்துவிட்ட இண்டிகோவும்தான்.

யாருமே தாக்குப்பிடிக்கவில்லையா?

கர்நாடகாவைத் தளமாகக் கொண்ட ஸ்டார் ஏர் 2019 ஜனவரியில் பெங்களூரு-ஹூப்பள்ளி இடையே தொடங்கியது. பெலகாவி மாதிரி தொழில் நகரங்களை மற்ற நகரங்களோடு நேரடியாக இணைத்தது. பிறகு சேர்த்த பெரிய விமானங்களில் 76 இருக்கைகளில் 12 பிசினஸ் கிளாஸ். பெரிய நிறுவனங்கள் நேரடியாகப் போகாத ஊர்களையும், செலவு செய்யத் தயாராக இருக்கும் பயணிகளையும் சேர்த்துப் பிடித்தது அதன் வழி. கோவாவில் இருந்து 2024 மார்ச்சில் தொடங்கிய ஃப்ளை91, ஏடிஆர் விமானங்களோடு அதேபோல் சிறிய ஊர்களை நம்பி இறங்கியிருக்கிறது.

உங்க ஊருக்கு விமானம் அறிவித்தால் என்ன பார்க்க வேண்டும்?

தொடக்க விழாவில் அமைச்சர் சொல்லும் டிக்கெட் விலையை மட்டும் பார்க்காதீர்கள். இந்த நான்கையும் பாருங்கள்.

1. ஒரு நாளைக்கு எத்தனை சேவை? அன்றே போய்த் திரும்ப முடியுமா?

2. ராத்திரி விமானம் எங்கே நிற்கிறது? உங்கள் ஊரில் நின்றால்தான் காலைச் சேவை உறுதி.

3. நிறுவனத்தின் கையில் எத்தனை விமானங்கள்? ஒன்று பழுதானால் மாற்று இருக்கிறதா?

4. மானியம் எந்த வருஷம் முடிகிறது? அதற்குப் பிறகு என்ன திட்டம்?

2025 பட்ஜெட்டில் மத்திய அரசு, மாற்றியமைக்கப்பட்ட உதான் மூலம் 10 ஆண்டுகளில் 120 புதிய இடங்களை இணைக்கப் போவதாக அறிவித்தது. அந்த 120ல் எத்தனை ஊர்களுக்குக் காலையில் ஒன்றும் இரவில் ஒன்றும் விமானம் இருக்கும் என்பதைப் பொறுத்துத்தான், அவை நிலைக்குமா அல்லது சிஏஜியின் அடுத்த பட்டியலில் சேருமா என்பது தெரியும்.