பெரியம்மாவின் 14 இன்ச் டிவியும் 19 பின் கேபிளும்!

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. "நீதான் டெக் நியூஸ் எழுதுறியே" என்று சொல்லி, வீட்டில் மிக்ஸி நின்றுபோனால்கூட நம்மைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்படித்தான் ஆவடியிலிருந்து போன். பெரியம்மா மகன், அதாவது அண்ணன். "டிவி செத்துப்போச்சாம். புதுசு வாங்கச் சொல்றாங்க. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போயேன்."

பெரியம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பின் அறைக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. ஹாலுக்கு வந்து சீரியல் பார்க்க வழியில்லை. அந்த அறையில் இருப்பதோ, கலைஞர் ஆட்சியில் ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி. 2006-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு டிவி போனது. பலர் வீட்டில் அது எப்போதோ பரணுக்குப் போய்விட்டது. டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியப்பா எதையும் தூக்கிப்போட மாட்டார். அவர் துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

ஹாலில் கேபிள் கனெக்‌ஷன் ஒன்று உண்டு. இன்னொன்று எடுத்தால் மாதாமாதம் தனியாகக் கட்ட வேண்டும். தவிர, ராத்திரி மாத்திரை போட்டதும் பெரியம்மா சீரியல் நேரத்துக்கு முன்பே தூங்கிவிடுகிறார். மறுநாள் காலையில் பார்க்கட்டும் என்று அண்ணன் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கினார். அதில் இருப்பது ஹெச்.டி.எம்.ஐ பிளக். டிவியின் பின்னால் இருப்பது மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற ஏவி சாக்கெட். ஆன்லைனில் தேடி, ஒரு முனையில் ஹெச்.டி.எம்.ஐயும் மறுமுனையில் மூன்று கலர் பிளக்கும் உள்ள கேபிளை வாங்கி மாட்டினார். ஒன்றும் வரவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், "பிக்சர் டியூப் போயிடுச்சு, புது டிவி வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் போனதும் செய்த முதல் வேலை, ஹாலில் இருந்த செட் டாப் பாக்ஸைக் கழற்றி வந்து பின் அறை டிவியில் மாட்டியதுதான். பளிச்சென்று படம் வந்தது. டியூபுக்கு ஒன்றும் ஆகவில்லை! புது டிவிக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் இந்தச் சோதனையை எல்லோரும் செய்யலாம்; ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அப்படியானால் கோளாறு எங்கே? கேபிளில். ஏவி சாக்கெட் பழைய அனலாக் காலத்துப் பிறவி. மஞ்சள் ஒயரில் ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான் படம். வெள்ளையும் சிவப்பும் ஒலி. ஹெச்.டி.எம்.ஐயில் போவது முழுக்க டிஜிட்டல், பூஜ்யமும் ஒன்றும். அதில் 19 பின்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்ற நடுவில் ஒரு சிப் வேண்டும். அண்ணன் வாங்கியதில் சிப் எதுவும் இல்லை, வெறும் ஒயர். தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் ஜப்பான்காரர் பேசும்போது நடுவில் மைக் வைத்தது மாதிரி. சத்தம் போகும், விஷயம் போகாது. இந்தக் கேபிள் இன்னமும் ஆன்லைனில் விற்கிறது என்பதுதான் எனக்கு எரிச்சல்.

மறுநாள் ஆவடியில் ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், அரசினர் தோட்டம். இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. கேட்டதும் கடைக்காரர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தார். சில நூறு ரூபாய்தான். "சார்ஜர்ல கனெக்ட் பண்ணணும்மா, தானா ஓடாது" என்றார். கன்வெர்ட்டரா, வெறும் கேபிளா என்று கண்டுபிடிக்க இது ஓர் அடையாளம். மூன்று கலர் பிளக்குக்கு மாற்றித் தரும் இந்த மாதிரி டப்பாக்கள் பொதுவாகத் தனி பவர் கேட்கும். ஹெச்.டி.எம்.ஐ கேபிள் வழியாக வரும் சொற்ப மின்சாரத்தை நம்ப முடியாது.

வீட்டுக்கு வந்து மாட்டினால் படம் வந்தது, கறுப்பு வெள்ளையில்! அதுவும் உருண்டுகொண்டே. "சிவாஜி படமாடி?" என்றார் பெரியம்மா. டப்பாவின் ஓரத்தில் ஒரு குட்டி சுவிட்ச் இருந்தது. ஒரு பக்கம் பால், மறுபக்கம் என்.டி.எஸ்.சி. நம் ஊர் டிவிகள் பால் முறை. அமெரிக்காவில் இருந்தது மற்றது. நகத்தால் தள்ளியதும் கலர் வந்துவிட்டது. இதற்காக எத்தனை பேர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்திருப்பார்களோ!

அடுத்த தலைவலி, பூட்டு. யூடியூப் ஓடியது. காசு கட்டிய ஒரு ஆப்பில் மட்டும் சீரியலைத் தட்டினால் கறுப்புத் திரை. காரணம் ஹெச்.டி.சி.பி. இன்டெல் உருவாக்கிய காப்புரிமைப் பூட்டு இது. படத்தை அனுப்பும் கருவி, வாங்கும் கருவியிடம் சாவி கேட்கும். சரியான சாவி இல்லையென்றால் படத்தைக் கொடுக்காது. திருட்டு காப்பி எடுப்பவர்களுக்காகப் போட்ட பூட்டு, சந்தா கட்டிவிட்டுக் கட்டிலில் படுத்திருக்கும் பெரியம்மாவையும் சேர்த்துத் தடுக்கிறது.

இது பழைய டிவிக்காரர்கள் பிரச்னை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அம்பத்தூரில் என் தோழி புத்தம் புது 4கே டிவி வாங்கினாள். ஸ்டிக்கை ஹோம் தியேட்டரில் செருகி, அங்கிருந்து டிவிக்குக் கேபிள். ஹோம் தியேட்டர் 2012-ல் வாங்கியது. 4கே படம் போட்டால் எர்ரர். 4கே படங்களுக்குப் பொதுவாகக் கேட்கப்படும் ஹெச்.டி.சி.பி 2.2 வந்ததே 2013-ல்தான். முந்தைய கருவிகளின் சாவி அதற்குப் பொருந்தாது. வரிசையில் ஒரே ஒரு பழைய கருவி இருந்தாலும் போதும், பூட்டு திறக்காது. அவளுக்குத் தீர்வு செலவில்லாமல் முடிந்தது. ஸ்டிக்கை நேராக டிவியில் செருகிவிட்டு, ஒலியை மட்டும் டிவியின் ஏ.ஆர்.சி என்று எழுதிய சாக்கெட்டிலிருந்து ஹோம் தியேட்டருக்கு அனுப்பினோம். 2009-ல் வந்த ஹெச்.டி.எம்.ஐ 1.4-லேயே அந்த வசதி உண்டு.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளை நிற டிவிஐ சாக்கெட் டிஜிட்டல் வகை என்றால் சாதாரண அடாப்டர் போதும். அதன் சிக்னலும் ஹெச்.டி.எம்.ஐ சிக்னலும் ஒரே குடும்பம். ஒலி மட்டும் பெரும்பாலும் வராது. தனி ஸ்பீக்கர் வேண்டும். நீல நிற, 15 ஓட்டை விஜிஏ என்றால் சிப் உள்ள கன்வெர்ட்டர்தான். அது 1987-ல் ஐ.பி.எம் கொண்டுவந்த அனலாக் முறை. டிஸ்ப்ளே போர்ட் பல நேரம் ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ டிவிக்குச் சாதாரண அடாப்டரில் போகலாம். திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. கடைக்குப் போகும் முன் இரண்டு கருவிகளின் பின்பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் குழம்ப வேண்டாம், காட்டினால் போதும். கூடவே ஒன்று: தங்க முலாம் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கேபிளை வாங்காதீர்கள். ஒன்றரை மீட்டர் தூரத்துக்குச் சாதாரண நல்ல கேபிள் காட்டும் அதே படத்தைத்தான் அதுவும் காட்டும்.

பெரியம்மாவின் சீரியல்? அதே சேனல் யூடியூபில் போடும் எபிசோடைத் தேடிக் கொடுத்தேன். மெனு எழுத்து எதுவும் படிக்க முடியவில்லை. ஸ்டிக் அனுப்புவது 1080 வரிகள், அந்த டிவி காட்டுவது 576 வரிகள். எழுத்து எறும்பு மாதிரி ஊர்ந்தது. ரிமோட்டில் மைக் பட்டன் இருந்ததால் தப்பித்தோம். அதை அழுத்தி சீரியல் பெயரைச் சொல்லப் பழக்கிவிட்டேன். முதல் தடவை, "சாப்பிட்டியாடி"யையும் சேர்த்துத் தேடிக் கொடுத்தது.

இப்போது தினமும் காலையில் இட்லியோடு முந்தின நாள் எபிசோட். அகலப் படத்தைப் பழைய சதுரத் திரைக்குள் நெருக்கி அனுப்புகிறது அந்த டப்பா. அதனால் முகமெல்லாம் நீண்டு தெரிகிறது. நேற்று போனில் பெரியம்மா சொன்னார்: "இந்த மாமியாரு எப்படி இளைச்சிட்டா பாரு. என்ன உடம்புக்கோ தெரியல."

நான் எதுவும் சொல்லவில்லை.