மலை நகர்ந்தால் மலையடிவாரத்துக்குச் சொல்லுங்கள்!

இராஜபாளையத்தில் பொழுது விடிந்ததும் மேற்கே பார்த்தால் மலை தெரியும். நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கும். "உன்னை மலை போல நம்பியிருக்கிறேன்" என்று சொல்வது இதனால்தான்.

அந்த மலை நகர்ந்தால்?

நகரும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். எல்லா மலையும் அல்ல, சில சரிவுகள். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர், சில இடங்களில் சில சென்டிமீட்டர் என்று மண்ணும் பாறையும் மெள்ள இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. இமயமலையின் பனியாறுகளோ ஓயாமல் நகர்ந்துகொண்டே இருப்பவை.

இதை வானத்தில் இருந்து அளக்க ஒரு செயற்கைக்கோள் வந்திருக்கிறது. அதன் பெயர் "நிசார்". இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. 2025–ம் ஆண்டு ஜூலை 30–ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பியது. (அந்த ராக்கெட்டின் கிரையோஜெனிக் என்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி, இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில்தான் இருக்கிறது. மலையை அளக்க மலையே உதவி செய்திருக்கிறது!)

747 கிலோமீட்டர் உயரத்தில் அது சுற்றுகிறது. 12 நாளைக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே திரும்பி வருகிறது.

பேண்டேஜ் துணி வித்தை

செயற்கைக்கோள் ரேடார் அலையைக் கீழே அனுப்பும். அலை தரையில் பட்டுத் திரும்பும். இருட்டோ மேகமோ அதற்குத் தடை இல்லை. அலைக்கு மேடு உண்டு, பள்ளம் உண்டு. திரும்பி வந்தது மேடா, பள்ளமா, இரண்டுக்கும் நடுவிலா என்று குறித்துக்கொள்ளும். 12 நாள் கழித்து மறுபடியும் குறிக்கும். தரை இறங்கியிருந்தால் அலை போய் வரும் தூரம் கூடியிருக்கும். குறிப்பும் மாறியிருக்கும்.

சத்திரப்பட்டிக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே நெய்யும் பேண்டேஜ் துணியில் இரண்டு துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வரி வரியாக ஒரு கோலம் தெரியும். மேல் துணியை ஓர் இழை நகர்த்தினால் போதும். கோலம் முழுவதும் ஓடும்! சின்ன அசைவைப் பெரிதாக்கிக் காட்டும் வித்தை அது. இரண்டு ரேடார் குறிப்புகளை ஒப்பிடுவதும் அதே வித்தைதான்.

நிசாரின் ஓர் அலைக்கு நீளம் 24 சென்டிமீட்டர். அது இலைகளின் ஊடே புகுந்து தரையைத் தொடக்கூடியது. காடு மூடிய நம் மலைகளுக்கு ஏற்ற அலை.

கருவி நல்ல கருவி. ஆனால் அளந்து என்ன பயன், சொல்லாவிட்டால்?

ஜோஷிமத்தில் நடந்தது

இமயமலையில் ஜோஷிமத் என்று ஓர் ஊர். பழைய மண்சரிவின் மேலேயே எழுந்த ஊர். அங்கே பெரிய கட்டடங்கள் கூடாது என்று 1976–ம் ஆண்டிலேயே ஒரு கமிட்டி எச்சரித்தது. யார் கேட்டார்கள்? கட்டடங்கள் எழுந்தன. 2023–ம் ஆண்டு ஜனவரியில் 800–க்கும் மேற்பட்ட கட்டடங்களில் வெடிப்பு!

இந்திய விண்வெளித் துறையின் தொலையுணர்வு மையம் கணக்குப் போட்டது. 2022 டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரை 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. அதாவது இரண்டு அங்குலத்துக்கும் மேல். கணக்கு வெளியானது. ஓரிரு நாளில் இணையதளத்தில் இருந்து மறைந்தும் போனது! அனுமதி இல்லாமல் தகவல் வெளியிடக் கூடாது என்று விஞ்ஞான நிலையங்களுக்கு உத்தரவும் வந்தது. குழப்பம் ஏற்படுமாம்.

வீட்டுச் சுவரில் கை நுழையும் வெடிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு, எண்ணைச் சொன்னதால் வந்த பயமா அது? பயம் முன்பே வந்துவிட்டது. எங்கே ஓடுவது, எது பத்திரமான இடம் என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லும் காகிதத்தை அல்லவா மறைத்தார்கள்?

சுவரில் ஒட்டுங்கள்!

நிசார் தரும் விவரங்கள் எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்திருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் கம்ப்யூட்டரில் கோடிக்கணக்கான எண்கள் கிடந்தால், மாந்தோப்பில் வேலை செய்கிறவர் எப்படிப் படிப்பார்?

மலையடிவாரக் கிராமம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வேண்டும். அசையாத இடம் பச்சை, அசையும் இடம் சிவப்பு. கீழே தமிழில் நான்கு வரி. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுகளிலும், பஞ்சாயத்து ஆபீஸ் சுவர்களிலும் அதை ஒட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெருமழையில் சில மணி நேரத்தில் இடிந்து விழும் சரிவை, 12 நாளைக்கு ஒருமுறை வரும் கண் பிடிக்காது. 2024 ஜூலை 30–ந் தேதி வயநாட்டில் மலை சரிந்து 200–க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்படிப்பட்ட இரவில் மழைமானியும் தண்டோராவும்தான் துணை. மெள்ள இறங்கும் சரிவைத்தான் ரேடார் காட்டிக்கொடுக்கும்.

"சிவப்பு என்று போட்டால் நில விலை விழுந்துவிடுமே!" என்பார்கள் சிலர். விழட்டும். சிவப்பு நிலத்தை ஏமாந்து வாங்கி, அதில் வீடு கட்டிக் குடியேறுகிற குடும்பம் ஒன்று தப்பும். பச்சை என்று தெரிந்தால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஐப்பசி அடைமழைக்கு முன்பே முதல் படம் சுவரில் ஏற வேண்டும். பசை ஒரு வாளி போதும்.