உடைஞ்ச மங்கை ஒட்டுங்க. ஆனா அதுல சாப்பிடாதீங்க

1/ காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டைக் காலி பண்ணும்போது முதல்ல வெளிய போறது உடைஞ்ச மங்குச் சாமானும் கீறல் விட்ட கண்ணாடியும்தான். "உடைஞ்சது வீட்டுல இருக்கக்கூடாது" என்று யாராவது சொன்னா போதும், அப்பத்தா சீர்ல வந்த ஜாடி குப்பைக்குப் போயிடும். அதைக் காப்பாத்தணும் என்பது என் கருத்து. ஆனா காப்பாத்துறது வேற, திரும்பப் புழங்குறது வேற.

2/ கொண்டுவிக்கப் போன காலத்துல பர்மாத் தேக்கோட பெல்ஜியம் கண்ணாடியும் ஜப்பான் பீங்கானும் இங்க வந்து சேர்ந்தது. அப்படி வந்ததெல்லாம் இன்னைக்கு முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள்ல விலைக்குக் கிடைக்குது. ஆனா உடைஞ்ச தட்டோட அருமை அந்த வீட்டு ஆளுங்களுக்குத்தான் தெரியும். நீங்க எடுத்து வைக்கலைன்னா வேற யாரும் வைக்கமாட்டாங்க.

3/ உடைஞ்சதும் முதல்ல செருப்பைப் போடுங்க. சர்க்கரை நோயால கால் மரத்துப் போனவங்களுக்குச் சில்லு ஏறினதே தெரியாது. ஆழமா ஏறியிருந்தா ஊக்கை வச்சு நோண்டாம ஆஸ்பத்திரிக்கு வாங்க. கண்ணாடிச் சில்லு பெரும்பாலும் எக்ஸ்ரேல தெரியும். டிடி ஊசி தேவையான்னும் பார்த்துடலாம்.

4/ அப்புறம் கடுகளவு சில்லு வரைக்கும் பொறுக்குங்க. பொருந்துதான்னு விளிம்போட விளிம்பு உரசிப் பார்க்காதீங்க, விளிம்பு இன்னும் உதிரும். ஒவ்வொண்ணையும் தனித்தனியா மெல்லிய தாள்ல சுத்தி ஒரே டப்பால வைங்க.

5/ பெட்டிக்கடைல கிடைக்கிற 'சட்டுன்னு ஒட்டுற' பசை வேண்டாம். காயத்துக்கு நாங்க போடுற பசையும் அதே சயனோஅக்ரிலேட் குடும்பம்தான். ஆனா தோல் சில நாள்ல தானா கூடிடும், பசை உதிர்ந்தாலும் பரவாயில்லை. பீங்கான் தானா கூடாது. பசைதான் கடைசி வரைக்கும் தாங்கணும்.

6/ வேலை தெரிஞ்சவர் முதல்ல அழுக்கையும் பழைய பசையையும் எடுப்பார். எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டுன்னு வரிசை போடுவார். வரிசை தப்பினா கடைசித் துண்டு உள்ள நுழையாது. அருங்காட்சியக வேலைல பேரலாய்டு பி-72 என்ற பிசினைப் பயன்படுத்துறாங்க. பின்னாடி தேவைப்பட்டா அதை அசிட்டோன்ல கரைச்சுப் பிரிச்சுடலாம். கண்ணாடிக்கு, ஒளியைக் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரியே வளைக்கிற, சீக்கிரம் மஞ்சளாகாத எபாக்சி வேணும். இல்லைன்னா ஒட்டின கோடு பளிச்சுன்னு தெரியும்.

7/ சில பழைய தட்டோட பின்பக்கம் ஸ்டேப்ளர் பின் மாதிரி கம்பி இருக்கும். நல்ல பசை இல்லாத காலத்துல சீனாவிலயும் ஐரோப்பாவிலயும் பீங்கானுக்குப் போட்ட தையல் அது. அசிங்கமா இருக்குன்னு பிடுங்காதீங்க. அதுவும் அந்தத் தட்டோட வரலாறுதான்.

8/ விரிசல்ல தங்கக்கோடு போடுற ஜப்பானிய கின்ட்சுகி இப்ப பிரபலம். மரபு முறைல அதுக்கு உருஷி என்ற மரப்பிசின். நம்ம முந்திரி, சேங்கொட்டைக் குடும்பம்தான் அந்த மரம், காயாத பிசின் பட்டா தோல் வெந்து கொப்பளிக்கும். ஆன்லைன்ல விக்கிற 'கிட்' பலதுல இருக்கிறது எபாக்சியும் தங்க நிறப் பொடியும்தான்.

9/ இப்ப டாக்டரா சொல்றேன். ஒட்டின தட்டுல சுடுசோறு, ஒட்டின ஜாடில ஊறுகாய், ரெண்டும் வேண்டாம். சாதாரணப் பசை சூட்டுல இளகும், விரிசல்ல அழுக்கும் கிருமியும் தங்கும். பழைய பூச்சு, சித்திர வண்ணம் சிலதுல ஈயம் இருக்கும். புளி, எலுமிச்சை மாதிரிப் புளிப்பு அதை வெளிய இழுக்கும். ஈயம் உடம்புல இவ்வளவு இருந்தா ஆபத்தில்லைன்னு சொல்ல ஒரு அளவே கிடையாது, குழந்தைகளுக்கு இன்னும் மோசம்.

10/ அதனால "ஒட்டினதே தெரியக்கூடாது" என்று கேட்கிறது எனக்கு உடன்பாடில்லை. கோடே தெரியாத ஜாடில உங்க பேத்தி ஒருநாள் மாவடு போடுவா. முன்பக்கம் அழகா இருக்கட்டும். உள்பக்கமோ அடியிலயோ கோடு தெரியட்டும்.

11/ கொடுக்கும்போது மூணு கேள்வி கேளுங்க. என்ன பசை? திரும்பப் பிரிக்க முடியுமா? எந்த இடத்துல புதுசா நிரப்பி வண்ணம் அடிச்சீங்க? பதிலை எழுதி வாங்கி ஜாடிக்குள்ளேயே போட்டு வைங்க. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்களுக்கு நாங்க டிஸ்சார்ஜ் சம்மரி தர்றோம்ல, அது மாதிரி.

12/ இது ஏதோ வெளிநாட்டு ஆடம்பரம் இல்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல பழம்பொருளைப் பாதுகாக்கிற வேதியியல் ஆய்வுக்கூடம் 1930லேயே வந்தாச்சு. 1984ல தொடங்கின இன்டாக் அமைப்புக்கும் இதுக்கான மையங்கள் இருக்கு. அங்க விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் சில்லெல்லாம் டப்பால பத்திரமா இருக்கட்டும்.